ஜம்பியானியில் மூன்று மாதம்: சான்சிபார் கடலோரக் கிராமத்தில் தற்காலிகமாகக் குடியிருக்க முழு வழிகாட்டி

சென்னை ஐஐடி 2023இல் கிழக்காப்பிரிக்க நாடான தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவில் தன் கிளையைத் திறந்தது. இந்திய ஐஐடி ஒன்று வெளிநாட்டில் தொடங்கிய முதல் வளாகம் அது. அதற்குப் பிறகு நம்மவர்கள் பலருக்கு அந்தத் தீவின் பெயர் பழகிவிட்டது. ஒரு வாரச் சுற்றுலாவாக இல்லாமல், இரண்டு மூன்று மாதம் அங்கேயே ஒரு கிராமத்தில் வீடு எடுத்து இருக்க முடியுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். முடியும். ஆனால் அதற்கென்று சில ஏற்பாடுகள் வேண்டும், அவற்றை ஒரு வரிசையில் செய்யவும் வேண்டும்.

இந்த வழிகாட்டி தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் ஜம்பியானி கிராமத்துக்கானது. பக்கத்து ஊரான பாஜேயில் காற்றாடிச் சறுக்கு விளையாட்டு, உணவகங்கள், இரவுக் கொண்டாட்டம் எல்லாம் அதிகம். ஜம்பியானி கடற்கரையோரமாகவே நீண்டு கிடக்கிற, மீன்பிடியும் கடற்பாசியும் இன்னும் பிழைப்பாக இருக்கிற ஊர். நீண்ட நாள் தங்குவதற்கு நான் ஜம்பியானியைத்தான் சொல்வேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

டிக்கெட் விலையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்தத் தீவில் காற்றுதான் பருவத்தைத் தீர்மானிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வீசும் காற்றுக்கு ‘கூசி’ என்று பெயர். வெயில் தணிந்து, இரவில் மெல்லிய போர்வை கேட்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து ‘கஸ்காசி’ வீசும். கடல் அழகாக இருக்கும், புழுக்கம் நம் மே மாதம்போல இருக்கும். மார்ச் நடுவிலிருந்து மே வரை ‘மசிக்கா’ எனும் பெருமழை. விடுதிகள் பலவும் ஏப்ரல், மே மாதங்களில் கதவைச் சாத்திவிடும், மண் பாதைகள் குளமாகும். நவம்பர் வாக்கில் ‘வூலி’ எனும் சிறுமழை வந்து போகும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சரியான காலம். இன்னொன்று, ரமலான் மாதம் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2026இல் அது பிப்ரவரி நடுவில் தொடங்கியது, ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னே நகரும். ஊர் கிட்டத்தட்ட முழுக்க முஸ்லிம்கள். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், வெளியில் வைத்துச் சாப்பிடுவதும் குடிப்பதும் மரியாதை ஆகாது. அதை மதித்து இருக்க முடியும் என்றால் அந்த மாதத்தின் இரவுகள் மிக நல்ல அனுபவம்.

2. விசா, காப்பீடு, தடுப்பூசி

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவை. தான்சானியக் குடிவரவுத் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சாதாரண விசாவுக்கு 50 டாலர் கட்டணம், 90 நாள் வரை தங்கலாம். அதே பெயரில் இடைத்தரகர் தளங்கள் ஏராளம், அரசுத் தளம்தானா என்று முகவரியைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுவது நிம்மதி.

இந்த விசாவை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்க முடியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறேன் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் தனி அனுமதி வேண்டும். இந்திய நிறுவனத்துக்கு மடிக்கணினியில் வேலை செய்கிறவர்கள் நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, தங்கள் நிலைமையை விசா விண்ணப்பிக்கும்போதே குடிவரவுத் துறையிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபர் முதல் சான்சிபாருக்கு வரும் வெளிநாட்டவர் எல்லோரும் அந்த ஊர் அரசுக் காப்பீட்டு நிறுவனத்தின் பயணக் காப்பீட்டை 44 டாலர் கொடுத்து எடுக்க வேண்டும். 92 நாளுக்குச் செல்லும். உங்களிடம் வேறு காப்பீடு இருந்தாலும் இது கட்டாயம். ஆனாலும் இந்தியாவிலிருந்தே இன்னொரு நல்ல மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சிகிச்சை என்றால் தான்சானியப் பெருநகரமான தாருஸ்ஸலாமுக்கோ கென்யாவின் நைரோபிக்கோ கொண்டுபோக வேண்டியிருக்கும், அந்தச் செலவை நினைத்துப் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். கென்யா, எத்தியோப்பியா வழியாக விமானம் மாறிப் போகிறவர்களிடம் அந்தச் சான்றிதழ் இருப்பது நல்லது. திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலும் கேட்பார்கள். காய்ச்சல் பரவும் நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். தோகா, துபாய், மஸ்கட் வழியாகப் போனால் இந்தச் சிக்கல் குறைவு. இருந்தாலும் கிழக்காப்பிரிக்காவில் மாதக்கணக்கில் இருக்கப் போகிறவர்கள் போட்டுக்கொள்வதே என் யோசனை.

3. பணமும் போனும்

அங்கே புழங்குவது தான்சானிய ஷில்லிங். இருப்பதிலேயே பெரிய நோட்டு 10,000 ஷில்லிங்தான், அதனால் வாடகை கொடுக்கும் நாளில் கட்டுக்கட்டாக எண்ண வேண்டியிருக்கும். விடுதிக்காரர்கள் டாலரில் விலை சொல்லிப் பழகியவர்கள். 2025இல் வந்த விதிப்படி உள்நாட்டுக் கொடுக்கல் வாங்கல் ஷில்லிங்கில் நடக்க வேண்டும், ஆகவே ஷில்லிங்கில் பேசிக்கொள்ளுங்கள். கையில் டாலர் கொண்டுபோனால் 2006க்குப் பிறகு அச்சடித்த, மடிப்பு கிழிசல் இல்லாத நோட்டாகப் பார்த்து எடுங்கள். பழையதை மாற்ற மறுத்துவிடுவார்கள். பெரிய தொகையைச் சான்சிபார் நகரின் பழைய பகுதியான ஸ்டோன் டவுனிலேயே ஏடிஎம்மில் எடுத்துவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இந்தியாவில் இருக்கும்போதே திறந்துவிட வேண்டும்.

போன் எண் வாங்க கடவுச்சீட்டும் கைரேகையும் கேட்பார்கள். விமான நிலையத்திலோ நகரத்திலோ அதை முடித்துவிட்டே கிராமத்துக்குக் கிளம்புங்கள். அந்த எண்ணிலேயே மொபைல் பணக் கணக்கும் தொடங்கச் சொல்லுங்கள். மீன்காரரிலிருந்து மின்கட்டணம் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் உதவும், இங்கே நாம் யுபிஐ பயன்படுத்துவதுபோல.

இந்திய எண்ணை மட்டும் அணைத்துவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். கிளம்புமுன் வெளிநாட்டு ரோமிங் வசதியை இயக்கி, இரண்டு சிம் போடும் போனில் அதையும் வைத்திருங்கள். இங்கே சொல்கிற ஏற்பாடுகளில் மிகச் சின்னது இதுதான், ஆனால் விட்டுவிட்டால் பெரிய தொல்லை.

4. போய்ச் சேர்வது

ஸ்டோன் டவுனில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போங்கள். சந்தை, மருந்துக் கடை, பணம், சிம் எல்லாம் அங்கேதான். மும்பையிலிருந்து தாருஸ்ஸலாம் வந்தவர்கள் அங்கிருந்து கப்பலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஸ்டோன் டவுன் துறைமுகத்துக்கு வந்துவிடலாம். ஹுருமிசி தெருவில் ஒரு சிவசக்தி கோயில்கூட இருக்கிறது. குஜராத்தி வணிகக் குடும்பங்கள் இந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததன் தடம் அது.

அங்கிருந்து ஜம்பியானிக்கு டாக்சியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெட்டி குறைவாக இருந்தால் 309 எண் ‘தாலதாலா’ எனும் பொது வண்டியில் ஏறலாம். உள்ளே நெருக்கியடித்து உட்கார வேண்டும், மேலே வாழைத்தாரும் அரிசி மூட்டையும் ஏறும், நேரம் கூடும், காசு மிகக் குறைவு. வழியில் ஜோசானி காட்டின் ஓரமாகப் போகும்போது செங்குரங்குகள் தென்படலாம்.

5. வீடு பார்ப்பது

இணையத்தில் மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் சிறு விடுதியில் அறை போட்டுக்கொண்டு, ஊருக்குள் நடந்து தேடுங்கள். ஊர்க் கடைக்காரரிடம் சொல்லி வைத்தாலே போதும், மறுநாள் இரண்டு வீடு காட்டுவார்கள்.

வீட்டைப் பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை பாருங்கள். பார்க்க வேண்டியவை இவை:

- தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது, குழாய் நீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது. கடற்கரைக் கிணறுகளில் நீர் உப்புக் கலந்திருக்கும். குளிக்கலாம், குடிக்க முடியாது.
- மின் மீட்டர் உங்களுக்குத் தனியாக உண்டா. முன்கூட்டியே காசு கட்டி எண்ணைத் தட்டி ஏற்றும் மீட்டர்தான் எங்கும். அதன் பெயர் ‘துகூசா’.
- சன்னலில் கொசு வலை, கட்டில் மேல் கொசு வலை. இரண்டும் வேண்டும்.
- கூரை தென்னங்கீற்றா தகரமா. ‘மக்கூட்டி’ எனும் கீற்றுக் கூரை குளுமையாக இருக்கும், ஆனால் மழைக் காலத்துக்கு முன் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.
- இரவில் வீட்டிலிருந்து சாலை வரை நடக்க வெளிச்சம் இருக்கிறதா.

மின்சாரம் தான்சானியப் பெருநிலத்திலிருந்து கடலடிக் கம்பி வழியாக வருகிறது. 2009 டிசம்பரில் அந்தக் கம்பி பழுதாகி, தீவே மூன்று மாதம் இருட்டில் கிடந்தது. பிறகு புதுக் கம்பி போட்டுவிட்டார்கள், இருந்தாலும் கரண்ட் போவது சாதாரணம். வேலைக்காகத் தங்குகிறவர்கள் பெரிய பவர் பேங்க், போன் வழி இணையம் இரண்டையும் தயாராக வைத்திருங்கள். 2025 அக்டோபர் தேர்தலின்போது நாடு முழுவதும் இணையமே சில நாள் நிறுத்தப்பட்டது. தேர்தல் காலத்தில் முக்கிய வேலைக் கெடுவை வைத்துக்கொள்ள வேண்டாம். பிளக் பாயிண்ட் பிரிட்டிஷ் முறை, நம் உருண்டை முனை நுழையாது, மாற்றி வாங்கிப் போங்கள்.

வீடு முடிவானதும், ‘ஷேஹா’விடம் சொல்லிவிட்டீர்களா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். ஷேஹா என்பவர் அந்தப் பகுதியின் அரசு நிர்வாகத் தலைவர். தன் எல்லையில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிந்தால் நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். பின்னால் எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் நிற்கப் போகிறவர் அவர்தான்.

6. கடலின் நேரத்துக்கு உங்கள் நாளை மாற்றுங்கள்

இந்த ஒரு படியைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தானாகவே சரியாக அமையும். புகைப்படத்தில் பார்க்கிற நீலக் கடல் நாள் முழுக்க அங்கே இருக்காது. கரையிலிருந்து வெகுதூரம் தள்ளிப் பவளத்திட்டு இருக்கிறது. கடல் ஏறும்போது தண்ணீர் உங்கள் வாசல் மணல் வரை வரும். வற்றும்போது அந்தத் திட்டு வரை வெறும் மணலும் முழங்கால் நீரும்தான். உயரும் மட்டத்துக்கும் வற்றும் மட்டத்துக்கும் இடையே பெரிய நாட்களில் சுமார் 4 மீட்டர் வித்தியாசம். நீந்த வேண்டும் என்றால் உச்ச ஏற்றத்துக்கு முன்னும் பின்னுமாக மொத்தம் நாலைந்து மணி நேரம்தான் கிடைக்கும். ஒவ்வொரு நாளும் அது ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும்.

இதைத் தெரிந்துகொள்ள நம் வீட்டு நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக ஏறி மிக அதிகமாக வற்றும். அந்த நாட்களில் இந்தக் கரையில் வற்றம் காலை 10 மணி வாக்கில் வரும், ஏற்றம் மாலை 4 மணி வாக்கில். அஷ்டமிக்கு அப்படியே தலைகீழ்: ஏற்றம் காலையில், அதுவும் அடக்கமாக. துல்லியமான நேரத்துக்கு, ஏற்றமும் வற்றமும் குறித்த ஓத அட்டவணையைப் பாருங்கள், ஆனால் திதி தெரிந்தால் வாரத் திட்டத்தை மனசிலேயே போட்டுவிடலாம்.

சான்சிபார் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இந்திய அலுவலகம் 9.30க்குத் தொடங்கினால் உங்களுக்குக் காலை 7. மாலை 6.30க்கு முடிந்தால் உங்களுக்கு 4. அமாவாசை வாரத்தில் மடிக்கணினியை மூடும் நேரத்தில் கடல் வாசலில் நிற்கும். சூரியன் ஆண்டு முழுக்க ஆறரை மணி வாக்கில் மறைவதால் இரண்டு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

காலை வற்றத்தின்போது ஒரு நாளாவது விடுப்பு எடுத்துக்கொண்டு பெண்களின் பாசிப் பாத்திகளைப் போய்ப் பாருங்கள். வரிசையாகக் குச்சிகளை நட்டு அவற்றுக்கிடையே கயிறு கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கயிற்றிலும் சாண் இடைவெளியில் ஒரு சிறு நைலான் முடிச்சு, அதில் கைப்பிடி அளவு பாசி. இடுப்பில் சுற்றிய ‘கங்கா’ துணியோடு தண்ணீரிலேயே உட்கார்ந்து, வளர்ந்ததைப் பிடுங்கி மூட்டையில் போட்டுவிட்டு, துணுக்கை மறுபடி முடிச்சிடுவார்கள். ஒரு பயிர் வளர ஆறு வாரம் வாக்கில் ஆகும். உலர்த்திய பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் எனும் கெட்டிப்படுத்தும் பொருள் பற்பசையிலும் ஐஸ்கிரீமிலும் சேர்கிறது. 1989 வாக்கில் பாஜே, ஜம்பியானி கரைகளில்தான் இந்தத் தொழில் வணிகமாகத் தொடங்கியது. கடல் சூடாகிக்கொண்டே வருவதால் விலை கூடிய கப்பாஃபைகஸ் பாசி ஆழம் குறைந்த கரையோர நீரில் இப்போது சரியாகப் பிழைப்பதில்லை. அதே பாசியைத்தான் மண்டபம் பக்கம் நம் பெண்கள் மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்கள். வெயிலில் குனிந்து கிடக்கும் உழைப்புக்கு இரண்டு கரையிலும் கைக்கு வரும் காசு குறைவு, அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும்.

அந்தக் கயிறுகளைத் தாண்டி நடக்காதீர்கள், பாத்தியைச் சுற்றிப் போங்கள். படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். காலில் ரப்பர் காலணி இல்லாமல் வற்றிய கடலில் இறங்கவே கூடாது. கடல்முள்ளெலி எங்கும் கிடக்கும், விஷ முள் கொண்ட கல்மீனும் உண்டு. முள் குத்திவிட்டால் ஊர்க்காரர்கள் பப்பாளிக்காயின் பாலைத் தடவுவார்கள். கல்மீன் குத்தினால் அதோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரி. கடல் ஏறத் தொடங்கியதும் கரைக்குத் திரும்பிவிடுங்கள், திட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தால் நடுவிலுள்ள பள்ளங்கள் முதலில் நிரம்பிவிடும்.

7. சமையல்

தமிழ் நாக்குக்கு இந்த ஊர் மிக எளிது. அரிசி, தேங்காய், புளி, மரவள்ளி, கீரை, மீன் எல்லாம் கிடைக்கும். தேங்காய் துருவ ‘ம்பூசி’ என்று ஒரு சிறு மடக்குப் பலகை, அதன் மேல் உட்கார்ந்து துருவுவார்கள். நம் துருவுபலகையேதான். துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த ‘ம்பாசி’யைக் காலையில் மந்தாசி எனும் எண்ணெய்ப் பலகாரத்தோடு சாப்பிடுவார்கள். சைவக்காரர்களுக்கு இதுவும் பாசிப்பயறும் காராமணியும் கைகொடுக்கும்.

மீனைக் கடைக்குப் போய்த் தேட வேண்டாம், படகு வரும் நேரத்தில் கரைக்குப் போங்கள். வஞ்சிரத்துக்கு ‘ங்கூரு’ என்று பெயர், நெத்திலிக்கு ‘தகா’. கணவாய் போன்றவற்றை விட ஊரில் மதிப்பு ‘ப்வேசா’ எனும் ஆக்டோபஸுக்குத்தான். பெருங்காயம், சாம்பார்ப் பொடி, கடுகு, இட்லி அரிசி ஆகியவற்றை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். சான்சிபாரில் 2006 முதலே அதற்குத் தடை. துணிப்பை போதும்.

குடிநீரைப் பெரிய கேனில் வாங்குங்கள். குழாய் நீரைச் சமையலுக்குப் பயன்படுத்தினால் நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

8. ஊரோடு பழகுவது

மணலில் நீச்சல் உடை பரவாயில்லை. ஊருக்குள் நுழையும்போது தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் இது பொருந்தும். நம் வேட்டி, கைலி, சுடிதார் எல்லாம் அங்கே பொருத்தமான உடை.

பெரியவர்களைப் பார்த்தால் ‘ஷிகாமோ’ என்று சொல்லுங்கள், அவர்கள் ‘மரஹபா’ என்பார்கள். யார் வீட்டு வாசலில் நின்றாலும் ‘ஹோதி’ என்று குரல் கொடுத்து, ‘கரிபு’ என்று பதில் வந்த பிறகே உள்ளே போக வேண்டும். நலம் விசாரிக்காமல் நேராக விலை கேட்பது முரட்டுத்தனமாகப் படும். அரிசி வாங்கப் போனாலும் வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டுவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

நேரம் சொல்லும் முறையிலும் கவனம் வேண்டும். சுவாஹிலியில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். நம் காலை 7 அவர்களுக்கு ஒரு மணி, 10 நாலு மணி. படகுக்காரர் ‘நாலு மணிக்கு வா’ என்றால், காலை 10ஆ என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்களை ‘ம்ஹிந்தி’ என்று கூப்பிடுவார்கள், இந்தியர் என்று பொருள். 1964 ஜனவரிப் புரட்சிக்கு முன் இந்திய வணிகர்களுக்கு இந்தத் தீவில் பெரிய செல்வாக்கு இருந்தது, புரட்சிக்குப் பின் பலர் வெளியேறினார்கள். அந்தக் காலத்தைப் பற்றி வயதானவர்களுக்கு வெவ்வேறு நினைவுகள் இருக்கும். நீங்களாக வாதத்தைத் தொடங்காமல், அவர்கள் சொன்னால் கேளுங்கள்.

குழந்தைகளுக்கு மிட்டாயும் காசும் கொடுத்துப் பழக்க வேண்டாம். பள்ளிக்கு உதவ நினைத்தால் தலைமையாசிரியரிடம் பேசி, அவர் கேட்பதை வாங்கிக் கொடுங்கள். ஜூலை வாக்கில் அங்கே இருந்தால் பக்கத்து மக்குண்டுச்சியில் நடக்கும் ‘ம்வாக்கா கோக்வா’ புத்தாண்டுத் திருவிழாவுக்குப் போகலாம். ஆண்கள் வாழைத்தண்டால் ஒருவரையொருவர் அடித்து, வருஷத்துப் பகையைத் தீர்த்துக்கொள்வார்கள். ஓலைக் குடிசை ஒன்றைக் கொளுத்துவார்கள்.

இருட்டிய பிறகு கடற்கரை வழியாகத் தனியாக நடக்காதீர்கள், சாலை வழியாகப் போங்கள். ஸ்கூட்டர் எடுத்தால் சர்வதேச உரிமத்தோடு சான்சிபாரின் தற்காலிக அனுமதிச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். சாலையில் போலீஸ் நிறுத்திக் கேட்பது வழக்கம்.

9. உடம்பு

சான்சிபாரில் மலேரியா மிகவும் குறைந்திருக்கிறது, ஆனால் ஒழியவில்லை. கிளம்புமுன் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் வலை மட்டும் போதாது, பூச்சு மருந்தும் வேண்டும். காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று படுத்திருக்காமல் அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், விரல் நுனிச் சொட்டில் சிறிது நேரத்தில் தெரிந்துவிடும். பக்கத்தில் மக்குண்டுச்சியில் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரியது ஸ்டோன் டவுனில் உள்ள ம்னாசி மொஜா. தினம் சாப்பிடும் மருந்துகளை முழுக் காலத்துக்கும் மருந்துச் சீட்டோடு கொண்டுபோங்கள். இந்தியத் தூதரகம் தாருஸ்ஸலாமில் இருக்கிறது, அதன் அவசர எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

10. கிளம்பும்போது

கடைசி வாரத்தில் மீட்டரில் காசு அதிகம் ஏற்றாதீர்கள். பாத்திரம், மீந்த அரிசி, விசிறி போன்றவற்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். சங்கு, பவளம், ஆமை ஓடு எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம், விமான நிலையத்தில் பிடிபட்டால் வழக்காகும். மொபைல் பணக் கணக்கைக் காலி செய்யுங்கள். மஞ்சள் காய்ச்சல் அட்டையைக் கடவுச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், கிழக்காப்பிரிக்காவிலிருந்து வந்தேன் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி, மலேரியாப் பரிசோதனை கேளுங்கள்.